சந்திரா அத்தையின் இடது கன்னம்

சந்திரா அத்தையின் வாய்ப்புண்ணுக்காக அப்பா ஒரு மனிதனின் கையை உடைத்தார். அந்த மனிதன் அத்தையின் புருஷன், சம்பந்தம் மாமா.

மாமா குடித்தால் அடிப்பார். குடிக்காத நாட்களில் சும்மா அடிப்பார். எருது விடும் விழாவுக்குப் போக எடுத்து வைத்திருந்த சட்டையை நனைத்துவிட்டாள் என்று ஒரு அறை விட்டதில், அத்தை துவைக்கிற கல்லில் போய் மோதினாள். இடது கன்னத்துக்குள் இருந்த புண் அதன் பிறகு ஆறவே இல்லை. வாயும் சரியாகத் திறக்கவில்லை.

"அடிபட்ட எடம், ணா. உள்ளாற சீழ் வச்சிருக்கும்" என்றாள் அப்பாவிடம்.

அப்பா அவர்கள் குடியிருந்த மாதனூருக்குப் போய் மாமாவைத் தெருவில் இழுத்துப்போட்டு, விறகுக் கட்டையால் வலது மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்தது. யாரும் தடுக்கவில்லை. "இன்னொண்ணு போடு சாமிநாதா, எங்க காதும் குளிரட்டும்" என்று எதிர்வீட்டுக் கண்ணம்மாள் கத்தினாள். அப்பா அத்தையை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

அத்தைக்கு ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவும் வேலை. பசையின் நெடி மண்டையைப் பிளக்கும். அதற்காக வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. துப்புவதற்கு எழுந்தால் சூப்பர்வைசர் கத்துவான் என்று எல்லாவற்றையும் இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். கம்பெனி பஸ்ஸில் போட்டது சாப்பாட்டு மணி வரை அங்கேயே ஊறும். அவள் வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான். அதைப் புண்ணோடு சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. அடி கண்ணுக்குத் தெரிந்தது, பாக்கு தெரியவில்லை.

வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலூர் ஆஸ்பத்திரிக்கு என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் விடச் சொன்னார் டாக்டரம்மா. அத்தைக்கு ஒன்றுதான் நுழைந்தது. சதையில் கொஞ்சம் வெட்டியெடுத்துத் தையல் போட்டார்கள். சில நாள் கழித்துப் போனபோது புற்றுநோய் என்றார்கள்.

"அடிச்சதுல வந்ததுதானே டாக்டர்?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று இருந்தது.

"அடிச்சா இது வராதும்மா. பல வருஷமா கன்னம் இறுகிக்கிட்டே வந்திருக்கு. புகையிலை வேற. அது இல்லாட்டியும் பாக்கு ஒண்ணே போதும். இன்னிக்கே நிறுத்தணும். ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது."

பஸ்ஸில் அத்தை மடியிலிருந்து பாக்கை எடுத்தாள். "அடியில வந்துச்சுன்னே சொல்லு பாப்பா. இல்லாட்டி அண்ணன் என்னை அவன்கிட்டயே தள்ளிடும்."

அடிபட்ட புண்தான் என்று பொய் சொன்னால், ஆபரேஷனும் இல்லாமல் பாக்கையும் விடாமல், மருந்து தடவிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே செத்துப்போவாள். உண்மையைச் சொன்னால் மாமாவிடம் போவாள். பாக்கைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். அத்தை என் கையைப் பிறாண்டியதில் ரத்தம் வந்தது.

வீட்டில் உண்மையைச் சொன்னேன்.

சேதி மாதனூர் வரை போய், மறுநாளே மாமா மாவுக்கட்டுக் கையோடு வாசலில் வந்து நின்றார். "கேட்டியா மச்சான்? எல்லாம் பாக்கு பண்ண வேலையாம்! என் கைய ஒடச்சியே, இப்ப இன்னா சொல்ற? விழு கால்ல."

அப்பா தலையைத் தொங்கப்போட்டார். "தப்புதான் மாப்ள. கூட்டினு போ."

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். பல்லிடுக்கு வழியே பேசினாள். "புண்ணு பாக்குல வந்துச்சு. சரி. இத்தினி வருசம் என்னை அடிச்சது யாருடா, பாக்கா?"

மாமா இடது புறங்கையை வீசி, தையல் போட்ட அதே கன்னத்தில் அறைந்தார். ரத்தம் தெறித்து அப்பாவின் சட்டையில் விழுந்தது. அப்பா அசையவில்லை. அத்தை அவருக்காகக் காத்திருக்கவும் இல்லை. மாவுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள். மாமா ஊளையிட்டுக்கொண்டு மண்ணில் மண்டியிட்டார். அப்போதும் விடவில்லை.

"ணா, ஆபரேஷனுக்குக் கையெழுத்து நீ போடு. இவன் வேணாம்."

அப்பா போட்டார். தாடையில் பாதியை எடுத்துவிட்டு மார்புச் சதையை வைத்துத் தைத்தார்கள். நோய் திரும்பாது என்று யாரும் உறுதி தரவில்லை. அத்தை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.