வடம் கட்டிய கப்பல்

என் வாய் சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் எல்லோரும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மகளின் ஆறாவது பிறந்தநாள் வரை நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்குத் தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் கிளார்க் வேலை. மகளுக்கு எப்போதும் ஒரே கதைதான் சொல்வார். தீவு என்று நினைத்து ஒரு மாலுமி கப்பலை நிறுத்திவிட்டு இறங்குவான், அடுப்பு மூட்டுவான், சூடு பட்டதும் தீவு அசையும். பார்த்தால் அது பெரிய மீன். பிறந்தநாளுக்காக அந்தக் கதையை அவள் அறைச் சுவரில் வரைந்தார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் பிரஷ்ஷைத் தொட்டது அப்போதுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை. சாப்பிடக் கூப்பிட்டால் "இந்தா வாரேன்" என்பார், வரமாட்டார்.

மனிதர் கடலையே பார்த்ததில்லை. தண்ணீரில் மிதந்து அவர் கண்டதெல்லாம் நம் தெப்பக்குளத்துத் தெப்பம்தான். தெப்பத்தைக் கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்பார்கள் இல்லையா, இவரும் கப்பலுக்கு ஒரு வடம் கட்டி, கரையில் இரண்டு பேரை அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்திருந்தார்.

கேக் வெட்டியதும் சொந்தக்காரர்கள் படத்தைப் பார்க்க வந்தார்கள். நான் விடுவேனா?

"பாத்தீங்களா கூத்த! நடுக்கடல்ல நிக்கிற கப்பல வடம் புடிச்சு இழுக்குறாக!"

"மாப்ள, மீனுக்குப் பொரி போட்டீகளா?" என்று என் அண்ணன் சேர்ந்துகொண்டார். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது. லீவு போட்டு அடித்திருக்கிறார்.

"அய்யோ, ஏங்க? வெளாட்டுக்குத்தான சொன்னேன்!"

"இல்ல, சரியா வரல" என்றார்.

மகள்தான் அழுதாள். "போம்மா! கரையில நின்னது நீயும் நானும். மீனு முங்குனாலும் நாம ரெண்டு பேரும் அப்பாவக் கரைக்கு இழுத்துருவோம்னு சொன்னாரு."

அத்தனை பேசிய நான், அந்த முகங்களைப் பார்த்திருக்கவில்லை. பாவி, ஒரு நிமிடம் கிட்டப் போய்ப் பார்த்திருக்கலாம்.

மன்னிப்புக் கேட்டேன். புதுப் பெயின்ட் வாங்கி வந்து வைத்தேன். "அட, விடு" என்றார். கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

போன வாரம் மகள் அவரிடம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மயில் வரைந்து தரச் சொன்னாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனாலும் கேட்டுவிட்டது.

"கடையில படம் விக்குது பாப்பா, வாங்கி ஒட்டிக்குவோம். நான் வரஞ்சா அம்மா சிரிக்கும்."