கை மட்டும் நனையவில்லை

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகும் வழியில் ஒரு காபி எஸ்டேட். அங்கே காபிக்கொட்டை கழுவும் சிமென்ட் தொட்டிக்குள், இடுப்பளவுத் தண்ணீரில், வெள்ளை வேட்டி சட்டையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, கழுவ வேண்டிய சரக்கு கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது என்று தோன்றியிருக்கும்.

நான் நின்றது ஞானஸ்நானத்துக்காக. எங்கள் பாப்டிஸ்ட் சபையில் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் கிடையாது. விவரம் தெரிந்தபின் நாமே மனதார முன்வர வேண்டும். முழு உடம்பும் தண்ணீருக்குள் போய்வர வேண்டும். மனதார முன்வருவதில் எனக்குச் சிக்கல் இல்லை. தண்ணீரில்தான் சிக்கல். முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தாலே மூச்சடைத்துப்போகிற ஆசாமி நான். அதனால் கல்யாணமாகி மனைவியின் சபைக்கு வந்த நாளிலிருந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இந்த விஷயத்தை ஆராய்ந்துகொண்டே இருந்தேன். அதற்காகப் படித்த புத்தகங்களை அடுக்கினால் அந்தத் தொட்டியே நிரம்பிவிடும்.

ஆராய்ச்சிக்கு முடிவு கட்டியவர் எங்கள் போதகர் ஐயா. அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. வாலிபனாக மலையேறி வந்து, இதே சபையில் தலை நரைத்தவர். மாரமங்கலத்துக்கும் செம்மநத்தத்துக்கும் பஸ் கிடைத்தால் பஸ், இல்லாவிட்டால் நடை. மலையில் யாரைச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், பக்கத்து சீட்டில் ஐயா இருப்பார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் அப்பாவையும் அப்படித்தான் கொண்டுபோனார். மாரியம்மன் பக்தரான அந்த ரைட்டர், நன்றி மறக்காமல், ஆள்விட்டுத் தொட்டியைத் தேய்த்து நல்ல தண்ணீர் நிரப்பிக் கொடுத்திருந்தார். அப்படியும் காபிப்பழத் தோலின் புளித்த வாடை போகவில்லை.

ஐயா கையால் முழுக வேண்டும் என்பது என் ஆசை. அன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. அவருக்கோ தோள்பட்டையில் தீராத வலி. குளிர்ந்த தண்ணீரில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இத்தன பேத்த முழுக்கிட்டு, இவர மட்டும் உட்டுட்டுப் போறதுங்களா?" என்று ஐயா இறங்கிவிட்டார்.

கரையில் சபையார் பாடினார்கள். அவர்களுக்குப் பின்னால் எஸ்டேட் ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள்.

"ஐயா, பாத்துங்க! ஆளு நொம்பக் கனமுங்க!" என்று ரைட்டர் குரல் கொடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க ரைட்டரே. இப்பத்தான் எறங்கியிருக்காரு, ஏறி ஓடிறப் போறாரு" என்றாள் என் மனைவி.

ஐயா ஜெபித்தார். என் முதுகுக்குப் பின்னால் ஒரு கை கொடுத்து, மறு கையால் என் இடது புஜத்தைப் பிடித்துச் சாய்த்தார். வானம் தெரிந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. இருமிக்கொண்டே மேலே வந்தபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் சிரிக்கக்கூடச் செய்தேன்.

முன்வரிசையில் நின்ற அம்மா ஒருவர், "ஏனுங்கய்யா, கை முழுகலீங்களே!" என்றார்.

எல்லாரும் என் வலது கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அது தொட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டைக்கை முழங்கை வரை உலர்ந்தே இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அது எடுத்த முடிவு.

"மீதியெல்லாம் நனைஞ்சிருச்சுங்களே. இந்தக் கைக்கு மட்டும் ஒரு சொம்பு ஊத்திக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"அப்ப அந்தக் கை மட்டும் தெளிக்கிற சபைங்களா?" என்றார் அந்த அம்மா.

மலையே சிரித்தது. ஆனால் ஐயாவின் உதடுகள் நீலம் பூத்திருந்தன. அவர் மனைவி துண்டோடு தொட்டியோரம் வந்து, "போதும், ஏறி வாங்க. ஆண்டவருக்குத் தெரியாதா?" என்றார். சபையாரும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்கள். அந்தச் சலுகையை முழுமனதோடு ஏற்று, நான் படியில் ஒரு காலையும் வைத்துவிட்டேன்.

ஐயா நகரவில்லை.

"கண்ணு" என்றார். தலைக்குச் சாயம் அடிக்கிற வயதில் இருந்த என்னைத்தான். "தொட்டியப் புடிச்சுக்கிட்டா உன்னைய நான் எப்படிக் கீழ கொண்டுபோறது? எதையாச்சும் புடிச்சே ஆகோணும்னா என்னையப் புடிச்சுக்க."

"உங்க தோளு வலிக்குமேங்கய்யா."

"அது என்ற தோளு. நீ உன்ற கையப் பாரு."

காலைத் திரும்பவும் தண்ணீருக்குள் வைத்தேன். விளிம்பிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த வலிக்கிற தோளையே பற்றிக்கொண்டேன். இந்தத் தடவை நான் போனது எனக்கே தெரிந்தது. உள்ளே பச்சையாக, அமைதியாக இருந்தது. என் இதயம் அடிப்பது கேட்டது. மேலே வந்ததும் அந்த அம்மா என் கையைக் காபிக்கொட்டை தரம் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்து, "இப்பச் சரிங்க" என்றார்.

பிறகு ஐயாவும் நானும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தோம். என் இடது புஜத்தில் அவருடைய விரல்கள் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"இந்த வலியோட இத்தன கெட்டியா எப்படிங்கய்யா புடிச்சீங்க?"

தன் மனைவி பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஐயா சொன்னார்: "பயந்தான் சாமி. சின்ன வயசுல இருந்தே எனக்குத் தண்ணி ஆகாது. எறங்குற ஒவ்வொரு தடவையும், முழுக வந்தவங்கள நாந்தான் புடிச்சுக்கறது."

"இத்தன வருசமாவா? யாருக்கும் தெரியலீங்களா?"

"எப்படித் தெரியும்? அவங்கவங்க பயத்துல அவங்கவங்க இருப்பாங்கல்ல" என்று சொல்லிவிட்டு, தோள் வலியையும் மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எனக்குத் தண்ணீர்ப் பயம் இன்றுவரை போகவில்லை. ஆனால் நம் பயம் தீர்ந்த பிறகுதான் அடுத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேனே, அந்த நினைப்பு மட்டும் அந்தத் தொட்டியில் முழுகியது முழுகியதுதான்.