பத்து மணி நேரக் கணக்கு

என் அப்பா, நான் கூப்பிடுவது அத்தா, பிரான்சுக்கு வேலைக்குப் போன பிறகு எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. அம்மாவின் போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால், நடுவே எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று காட்டும். பாரீஸ் – சென்னை எனக்கு மனப்பாடம். சுமார் எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம். வில்லியனூரில் எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் இதைக் கேட்காமல் டீ குடித்துவிட்டுப் போனதில்லை. அப்போது நான் ஐந்தாவது படித்தேன்.

அந்த டிசம்பரில் ஒரு மத்தியானம் அத்தாவைப் பெற்ற தாத்தா மவுத்தானார். சாயங்காலம் அத்தா போனில் அழுதார். எட்டு மணி பிளைட்டில் டிக்கெட் கிடைத்துவிட்டது, முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்றார். அதற்குமேல் பேச முடியாமல் வைத்துவிட்டார்.

இறந்தவரின் மய்யத்தை அதிக நேரம் வைத்திருப்பது எங்களில் வழக்கமில்லை. பள்ளிவாசலில் நேரம் அறிவிக்க வேண்டும். அத்தாவின் தம்பி, என் சின்னத்தா, என்னைத் தேடி வந்தார்.

"பாப்பா, பாரீஸ்லேர்ந்து வர இன்னா நேரம் ஆவும்?"

"பத்து மணி நேரம் சின்னத்தா. எட்டு மணிக்கு ஏறினா காலைல ஆறுக்கு மெட்ராஸ். பத்துக்குள்ள வூட்டுக்கு வந்துடுவாரு."

பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த இழவு வீட்டில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலை பதினோரு மணிக்கு நல்லடக்கம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அத்தா சொன்ன எட்டு, அந்த ஊர் எட்டு. அங்கே கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. தினமும் நாங்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பேசும்போது அவருடைய ஜன்னலில் வெளிச்சம் இருக்கும். அன்று அது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. எட்டு அடித்ததும், ஏறியிருப்பார் என்று யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் பத்தாயிற்று, பத்தரையும் ஆயிற்று. அத்தாவின் போன் அணைந்தே கிடந்தது. ஆறு மணிக்கு இறங்கியவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருப்பாரா?

"பிளைட்ட வுட்டுட்டாரு போல. இனிமே இன்னாத்துக்குக் காக்கறது?" என்றார் சின்னத்தா. சொன்ன நேரத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

அத்தா மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். நேராகக் கபர்ஸ்தானுக்குப் போய் ஈர மண்ணைத்தான் பார்த்தார். திரும்பி வந்தவரிடம் சின்னத்தா என்னைக் காட்டி, "இதுதான் ஆறு மணின்னுச்சு" என்றார். எனக்கு அழுகை முட்டியது. அத்தா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பாப்பா கணக்கு கரெக்ட்டுடா. பிளைட்டுதான் லேட்டு."

அப்பாடா என்றிருந்தது. சின்னத்தாவைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். பிறகு அத்தாவின் மணிக்கட்டைப் பிடித்து விளையாடினேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி, அவர் கையில் பன்னிரண்டரை.

"உங்க வாட்ச் ஓடலத்தா" என்றேன்.

அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.