முன் இருக்கையில் ஐந்து நாள்

கிள்ளானில் வேனுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்குச் செய்தி வந்தது: மருந்துக்கடை தமயந்தி மிஸ் தவறிவிட்டார். மாரடைப்பு. படித்தேன். டீசல் மூடியைத் திருகினேன். மதியப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போனேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் அவரைப் பற்றி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்.

அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்குத் தெரியும், சளி மாத்திரை கேட்டால் முதலில் விசாரணைதான் நடக்கும். வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள், பிரஷர் உண்டா, தண்ணி போடுவீர்களா என்று வரிசையில் நிற்பவர்கள் காதுபடக் கேட்பார். "பெட்டி மேல உள்ள பேர விடுங்க, உள்ள என்ன இருக்குன்னு படிங்க" என்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள் பலர்.

நானும் ஒருவன். பத்து வருடத்துக்கு முன் இரவில் போடும் சளி மாத்திரை கேட்டு நின்றேன்.

"காலையில எத்தனை மணிக்கு வேன் எடுப்பீங்கண்ணே?"

"அஞ்சரைக்கு."

"அப்ப இது வேணாம்லா. இதுல தூக்கம் வர்ற மருந்து இருக்கு. சிலருக்கு விடிஞ்சும் இறங்காது. வேற தரேன்."

"இருபது வருசமா ஓட்டுறேன் மிஸ். எனக்கே பாடமா?"

விருட்டென்று வெளியேறி வேறொரு கடையில் அதையே வாங்கினேன். படுக்கும்போது ஒன்று போட்டேன். விடியற்காலையில் மூக்கு அடைத்திருந்ததால் இன்னொன்று. உடம்பு வலிக்கென்று தனியாக ஒரு காய்ச்சல் மாத்திரை.

அன்று காலை சமிக்ஞை விளக்கில் வேனை நிறுத்திக் கை பிரேக் போட்டது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது என் தோளை உலுக்கிய ஒரு சின்னக் கை. "அங்கிள், பச்ச விழுந்துருச்சு!" உலுக்கியவள் யாழினி, மிஸ்ஸின் மகள். அப்போது நான்காம் ஆண்டு படித்தாள். வேனில் பதினோரு பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வேன் போனால் சோறு போகும்.

மறுநாள் காலை மகளோடு மிஸ்ஸும் வந்து முன் கதவைத் திறந்தார். "கார் வொர்க்‌ஷாப்ல இருக்குண்ணே. பிள்ளைங்கள விட்டுட்டு என்னைக் கடையில இறக்கிடுங்க. ஆமா, நேத்து ராத்திரி என்ன மாத்திரை போட்டீங்க?"

ஒன்றும் போடவில்லை என்றேன். அது உண்மை. பயத்தில் போடவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். முன்னால் கிடந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் படித்தார். "ரெண்டுலயும் பாராசிட்டமால் இருக்குண்ணே. தெரியாம சேர்த்துப் போட்டுக்கிட்டே இருந்தா ஈரல் கெட்டுரும்." இரவு மாத்திரை அவர் கைப்பைக்குள் போனது. தூக்கம் வராத வேறொரு மாத்திரையைத் தந்தார். என் சளி இறங்கும்வரை ஐந்து நாள் வந்தார். வழி நெடுகப் பேச்சு, கேள்விமேல் கேள்வி. வாய் ஓயாதா இந்த அம்மாவுக்கு என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன்.

துக்க வீட்டில் யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"நீங்க தூங்குனத அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிட்டேன் அங்கிள். கார் வீட்டுலதான் இருந்துச்சு."

"ஏம்மா, அவங்க அதப்பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா மறைச்சுருவீங்கன்னு சொன்னாங்க."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மறைத்திருப்பேன். பத்து வருடம் மறைத்தேனே.

இந்த வாரம் எனக்கு மறுபடியும் சளி. நேற்று மாலை ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்து, மருந்து போடப்போகிறேன், நாளை வேன் ஓடாது என்றேன். ஒருவர் திட்டினார், கேட்டுக்கொண்டேன். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான். இதைப் படிப்பவர்களில் அந்தப் பதினோரு பிள்ளைகளின் பெற்றோரும் இருப்பீர்கள். நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்: அன்று உங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் தூங்கிவிட்டேன்.