மஞ்சள் நூல் கட்டிய யானை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு போர்வையை மடித்ததுதான். மொட்டை மாடியில், வெயில் இறங்கும் நேரம். ஒரு முனையை அவர் பிடித்திருந்தார், மறுமுனையை அவள்.

"மூலைய மூலையோட சேத்து வை. ஸ்பேனரைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சா எப்படி?"

"போர்வைதானேப்பா. யாரு வந்து அளவெடுக்கப் போறா?"

"நான் எடுப்பேன்."

எடுக்கவும் செய்தார். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வாழ்நாளெல்லாம் விரிப்பு மடித்த கை அது. ஒரு விரல்கடை கோணினாலும் உதறிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். மகள் தொழிற்சாலைக் கொதிகலன்களைப் பழுதுபார்ப்பவள். அளவு சுத்தம் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஜம்பமெல்லாம் அப்பாவிடம் செல்லாது.

பக்கத்துக் கொடியில் ஒரு துணி யானை தொங்கியது, இரண்டு காதிலும் கிளிப் மாட்டி. வயிறு கிழிந்து காலியாகக் கிடந்தது. பஞ்சு தனியாக ஒரு தட்டில் காய்ந்தது.

"இது யாருப்பா, புது விருந்தாளி?"

"மேஸ்திரியோடது. புதன்கிழமைக்குள்ள தைச்சுக் கொடுக்கணும். இல்லன்னா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா."

மேஸ்திரிக்கு வயது ஒன்பது. ரத்தத்தில் நோய். மருந்து அவள் தலைமுடியைக் கொண்டுபோனதே தவிர வாயைத் தொடவில்லை. ஊசி போட வருகிறவர்களுக்கே எந்தக் கை, எந்த விரலுக்கு மேலே என்று உத்தரவு போடுவாள். அந்தப் பெயர் சிஸ்டர்கள் வைத்தது. அப்பாவுக்கு அவள் வைத்த பெயர் நுரை மாமா.

சிநேகம் பிறந்ததே சண்டையில்தான். அப்பா அதைச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை தடவை சொன்னாலும் மகள் புரையேறச் சிரிப்பாள்.

சலவைப் பிரிவில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நூல் நிறம். தலையணை உறையின் ஓரத்தில் தைத்திருக்கும். மேஸ்திரியின் வார்டு மஞ்சள். கீழ்த்தளத்துக் குழந்தைகள் வார்டு நீலம். உறைக்குள் எது சிக்கினாலும், மூக்குக்கண்ணாடியோ பல்செட்டோ, துடைத்து அந்தப் படுக்கைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். தொங்குகிற நூலைக் கண்டால் உடனே பிடுங்கிப் போட வேண்டும், வடிகட்டியை அடைத்துவிடும். இரண்டிலும் அப்பா புலி.

ஒருநாள் மேஸ்திரியின் தலையணை உறைக்குள் ஒரு துணி முயல் வந்தது. காலில் ஒரு நீல நூல். அப்பா நூலைப் பிடுங்கினார், முயலைச் சுடுநீரில் அலசிக் காயவைத்தார், பத்திரமாக மேஸ்திரியிடமே சேர்த்தார். மறுநாளும் முயல் வந்தது, நீல நூலோடு. மறுபடி பிடுங்கல், அலசல், சேர்த்தல். பாவம், மறதிக் குழந்தை என்று அனுதாபம் வேறு. அடுத்த தடவை அவர் முயலை நீட்டியபோது மேஸ்திரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, உங்களுக்கு மூளை இருக்கா, இல்ல அதையும் மெஷின்ல போட்டுட்டீங்களா?"

"என்னம்மா?"

"நீலம்னா கீழ் வார்டு. அட்ரஸ் எழுதி அனுப்பினா, அட்ரஸைக் கிழிச்சிட்டு எனக்கே கொண்டு வந்து கொடுக்கறீங்க!"

அவளைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பொம்மை கொண்டுவந்தார்கள். படுக்கையில் அவளுக்கே இடமில்லை. ஸ்கேன் எடுக்கப் போகும் வழியில் கீழ் வார்டை எட்டிப் பார்த்திருக்கிறாள். அங்கே தொலைவிலிருந்து வந்த குழந்தைகள். பார்க்க வர ஆளில்லை. கையில் வைத்து விளையாட ஒன்றுமில்லை. ஒரு படுக்கையின் பொருள் இன்னொரு படுக்கைக்குப் போகக் கூடாது, கிருமி தொற்றும் என்று பெரிய சிஸ்டர் சொல்லியிருந்தார். சலவையில் வெந்து வந்தால் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? நூலின் கணக்கையும் அவளே உறைகளைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள்.

முயல் கீழே போனது. பிறகு கரடி, வாத்து, பெயர் தெரியாத ஒரு பிராணி. செய்தியும் கூடவே இறங்கியது. வாசல் காவலாளி தன் வீட்டிலிருந்து ஒரு குரங்கைக் கொண்டுவந்து, நீல நூல் கட்டி, அழுக்கு மூட்டைக்குள் திணித்தார். சமையல்கட்டு அக்கா தானே தைத்த மீன்களை அனுப்பினார். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும் வாசலில் நீல நூல் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். சலவைப் பிரிவில் விரிப்பைவிடப் பொம்மை அதிகம்.

ஆம்புலன்ஸ் டிரைவர் கொடுத்த பொம்மையால்தான் குட்டு உடைந்தது. அதன் வயிற்றில் பேட்டரி இருந்தது யாருக்கும் தெரியாது. பெரிய சிஸ்டர் துணி எண்ணிக்கை பார்க்க வந்த நேரம், ஓடுகிற இயந்திரத்துக்குள் நுரைக்கு நடுவிலிருந்து ஒரு குரல்: "என்னோட விளையாட வர்றியா?"

"ஐயோ, உள்ள குழந்தை!" என்று சிஸ்டர் அலறிய அலறலில் மேல்மாடி டாக்டர் ஓடிவந்தார்.

விசாரணை நடந்தது. அப்பா திருடனைப்போல நின்றார். டாக்டர் தண்ணீரின் சூட்டைக் கேட்டார், "பரவாயில்ல, நல்ல யோசனைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிஸ்டர் மட்டும் முறைத்துக்கொண்டே சொன்னார்: "இனிமே பேசுற பொம்மை எதுவும் வரக் கூடாது."

மறுநாள் மூட்டையில் கம்பளி நூலில் பின்னிய ஆந்தை ஒன்று கிடந்தது. அந்த ஆஸ்பத்திரியில் கம்பளி பின்னத் தெரிந்தவர் பெரிய சிஸ்டர் ஒருவர்தான். அப்பா யாரிடமும் மூச்சு விடவில்லை.

யானை மட்டும் மேஸ்திரியிடமே இருந்தது. அது அவள் பிறந்ததிலிருந்து கூட இருந்த யானை. ஒருநாள் அதுவும் நீல நூலோடு இறங்கியது. கீழ் வார்டில் ஒரு பொடிசு அழுகையை நிறுத்தவில்லையாம்.

அதன் பிறகுதான் அவளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவதென்று முடிவானது. கண்ணாடி அறைக்குள் வாரக்கணக்கில் தனியாக. கூட ஒரே ஒரு பொம்மை, அதுவும் வெந்நீரில் வெந்ததாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மேஸ்திரி அப்பாவை அருகே கூப்பிட்டு, முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறது தப்புதான் மாமா. கொஞ்ச நாளைக்கு இரவல் மட்டும் கேளுங்களேன். உள்ள பயமா இருக்கும்."

பொடிசு பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டது. என்ன, அதற்குள் யானைக்குப் பசிக்குமென்று தையல் விட்ட இடம் வழியாக நிறைய பிஸ்கட் ஊட்டியிருந்தது. அதனால்தான் யானை வயிறு பிரிந்து இந்த வீட்டுக் கொடிக்கு வந்தது. தைத்து, ஆஸ்பத்திரி இயந்திரத்தில் கடைசியாக ஒரு கொதி கொதிக்கவிட்டு, புதன் காலை அவள் உள்ளே போகுமுன் கையில் சேர்க்க வேண்டும்.

போர்வையை மடித்து முடித்தார்கள். மறுநாள் காலை அப்பா எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். பழுது எங்கே என்று சொல்ல ஆள் இருந்தார்கள், சரிபார்க்கத்தான் அவர் நேரம் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு அப்பாவின் போன் அடித்தது. மகள் எடுத்தாள்.

பெரிய சிஸ்டர். "அவகிட்ட இன்னும் சொல்லலம்மா. யானை எங்கன்னு உயிரை எடுக்கறா..." சொல்லி முடிக்குமுன் போன் கை மாறியது.

"நுரை மாமாவா?"

"இல்லம்மா. அவரோட பொண்ணு."

"மாமா எங்க?"

"யானைய நான் கொண்டு வர்றேன்."

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ இன்னிக்கே கத்துக்கோங்க. நாளைக்குக் காலைல நான் உள்ள போயிடுவேன்."

மகள் மாடிக்குப் போனாள். பஞ்சு நன்றாகக் காய்ந்திருந்தது. யானை அப்படியே தொங்கியது. அப்பா அதன் காலில் முன்கூட்டியே மேஸ்திரி வார்டின் மஞ்சள் நூலைக் கட்டி வைத்திருந்தார். நுனி நீளமாகத் தொங்கியது. அப்பாவிடமிருந்து தொற்றிய பழக்கதோஷத்தில் அவள் விரல்கள் அதைப் பிடுங்கப் போயின. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கிளிப்பைக் கழற்றி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியைத் தேடினாள்.