மூன்று கம்பளிப் பனியன்கள்

வியர்வையில் நனைந்த ரவிக்கையோடு நின்றுகொண்டு கம்பளிப் பனியன் கேட்டால் எந்தக் கடைக்காரரும் ஏற இறங்கப் பார்க்கத்தான் செய்வார். பினாங்கு ஜார்ஜ் டவுனில் அன்று அப்படியொரு வெயில். நான்கு கடைகளில் என்னைப் பார்த்தார்கள், இல்லை என்றார்கள். துறைமுகத்தை ஒட்டியிருந்த ஐந்தாவது கடைக்காரர் மட்டும், என் கையிலிருந்த பள்ளி நோட்டுக் கட்டைப் பார்த்துவிட்டு, "எத்தனை வேணும், டீச்சரம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

என் தம்பி டாக்டருக்குப் படிக்க ஸ்காட்லாந்து போகவிருந்தான். கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம். அம்மாவைக் கொண்டுபோன அதே நெஞ்சுச் சளியிலிருந்து இரண்டு முறை பிழைத்து எழுந்தவன். பினாங்கு மழைக்கே இழுக்கிற நெஞ்சு, பனியில் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். "அங்க போயி வாங்கிக்கலாம்லா, அக்கா" என்றான். போய் இறங்குமுன் கப்பலிலேயே குளிர் தொடங்கிவிடும் என்று கான்வென்ட் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த வெள்ளைக்கார சிஸ்டர் சொல்லியிருந்தார். கம்பளியை உடம்போடு ஒட்டிப் போட வேண்டும், மேலே எத்தனை கோட்டு மாட்டினாலும் அதற்கு ஈடாகாது என்பதும் அவர் சொன்னதுதான்.

துறைமுகத்துக் கடைகளைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஆஸ்பத்திரியில் செத்துப்போகும் கப்பல்காரர்களின் துணிமணிகள் அங்கேதான் விற்பனைக்கு வருமாம். கடைக்காரர் எடுத்துப் போட்ட மூன்று பனியன்களிலும் பாச்சை உருண்டை நாற்றம். எந்த நாற்றத்தை மறைக்க இந்த நாற்றம் என்று யோசித்தேன். ஒன்றின் அக்குளில் பூரான் ஊர்ந்ததுபோல் நெருக்கமாக ஒரு தையல் இருந்தது.

"இது என்ன, பாய்?"

"பூச்சி அரிச்சிருச்சு. நாந்தான் தச்சேன். சரக்கு புதுசுதான்."

"புதுசைப் பூச்சி அரிக்குமா?"

"கம்பளின்னா அரிக்கும், டீச்சரம்மா" என்றவர், கட்டிக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "சுடுதண்ணியில மட்டும் போட்டுறாதீங்க. பச்சைத் தண்ணியில அலசுனாப் போதும்."

வெந்நீர் தாங்காத துணியும் ஒரு துணியா? சாயத்தையும் அழுக்கையும் ஒளித்து வைத்திருப்பவன்தான் வெந்நீருக்குப் பயப்படுவான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஒரு நூலைப் பிரித்து மெழுகுவர்த்தியில் காட்டினேன். தலைமயிர் கருகும் வாடை வந்தது. ஆக, கம்பளிதான். ஆனால் யார் போட்ட கம்பளி? நோயில் கிடந்தவன் துணியைச் சோடா போட்டுக் கொதிக்க வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவின் போர்வைகளையும் அப்படித்தான் செய்தோம். அண்டாவில் மூன்றையும் அமுக்கி, தடியால் கிண்டி, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். தண்ணீர் கொஞ்சம் மங்கியது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கடைக்காரரை ஜெயித்துவிட்ட சந்தோஷம் இரண்டு நாள், பனியன்கள் காயும் வரையில் இருந்தது.

காய்ந்ததை எடுத்துத் தம்பியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தலையே நுழையவில்லை. பனியனின் கைகள் விறைத்துச் சுருங்கி, துணி அட்டையாகத் தடித்துக் கிடந்தது. "அஞ்சு வயசுப் பிள்ளைக்குச் சரியா இருக்கும், அக்கா" என்று சிரித்தான். சிரித்த வேகத்தில் இருமினான். கப்பல் நாளை மறுநாள்.

விட்ட கடைகளிலெல்லாம் ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் காலை பொட்டலத்தோடு பாய் கடைக்கே போனேன். அவர் ஒன்றை விரித்து, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கொதிக்க வச்சீங்களா?"

"இல்லை" என்றேன். பொய் சொல்லும் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கிற டீச்சர் நான்.

அவர் பனியனை மடித்து வைத்தார். "வேற சரக்கு இல்ல. அடுத்தது வர ஒரு மாசம் ஆகும்" என்றார். என் முகம் எப்படி ஆனதோ, "யாருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தம்பியின் நெஞ்சைப் பற்றிச் சொன்னேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

கேட்டுவிட்டு மாடிக்குப் போனார். இறங்கி வரும்போது கையில் இரண்டு கம்பளிப் பனியன்கள் இருந்தன.

"கப்பல்ல கரி அள்ளிப் போட்ட காலத்துல நான் போட்டது. சூட்டுலேருந்து மேல ஏறி வந்தா அந்தக் குளிரு ஆளைக் கொன்னுரும். இது காப்பாத்தும். பழசுதான், டீச்சரம்மா. உங்களுக்குச் சம்மதம்னா எடுத்துக்கிருங்க."

வாங்கிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. முழங்கை தேய்ந்திருந்தது, புகையிலை வாடை லேசாக இருந்தது. அக்குளில் பூரான் ஊர்ந்ததுபோல் அதே நெருக்கமான தையல், அவர் கைத் தையல். அந்த ஆள் அன்றைக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கொதிக்க வைத்தது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, முன்பின் தெரியாத ஒருவர் வருஷக்கணக்கில் உடம்பில் போட்டுக் கழித்த அந்த இரண்டையும் துவைக்காமலே தம்பியின் பெட்டியில் வைத்தேன்.