மெழுகு தடவிய துப்பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். கேக்கின் மேல் ஏழு மெழுகுவத்தி. குழந்தை ஊதியது. சுடர்கள் போன இடத்திலிருந்து புகை ஏழு நூலாக எழுந்து, கூடத்தில் இத்தனை பேர் இருக்க, நேராக என்னிடம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அணைந்த மெழுகின் வாசனை மூக்கில் ஏறியதும் நான் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன். "கேக் எடுக்கலையா சார்?" என்றார் குழந்தையின் அப்பா. சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில் எவ்வளவு வசதியான பொய் பாருங்கள், யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அந்த வாசனைக்குள் நான் இரண்டு வருடம் குடியிருந்திருக்கிறேன். கோவில்பட்டியில் பத்தாவது முடித்ததும் தீப்பெட்டி ஆபீசில், எங்கள் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதான் பேர், மெழுகுச் சட்டி வேலை. பெண்கள் குச்சியடுக்கிக் கொடுக்கும் கட்டையை வாங்கி, உருகிய மெழுகில் நுனி தொட்டு எடுத்து, மருந்து முக்குகிறவரிடம் தள்ள வேண்டும். நாள் முழுக்க இதுதான். சோற்றில் மெழுகு வாசம், தலையணையில் மெழுகு வாசம். அங்கிருந்து லேத் பட்டறைக்கு மாறின பிறகும் பழக்கம் விடவில்லை. எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே அப்படித்தான். மேசை இழுப்பறை இறுகினால் மெழுகு. ரம்பம் மரத்தில் திணறினால் மெழுகு. பேண்ட் ஜிப், குடைக்கம்பி, விரலில் மாட்டிக்கொண்ட மோதிரம் என்று உலகத்தில் எது நகர மறுத்தாலும் எங்கள் சட்டைப்பையில் ஒரு துண்டு மெழுகு இருந்தது. ஒரு முறை தேய்த்தால் நகர்ந்துவிடும். நகராத ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

பட்டறை எட்டயபுரம் ரோட்டில், தகரக் கூரைக்குக் கீழே. தீப்பெட்டி மிஷின்களுக்குப் பல்சக்கரம் வெட்டுவதும் தேய்ந்த உருளைகளைக் கடைவதும் வேலை. தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். ஒரு பங்குனி மத்தியானத்தில் செல்லத்துரை அண்ணாச்சி சாக்கில் சுற்றிய எதையோ இடக்கையால் தோளில் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். கோவில் கொடைத் திருவிழா நடக்கிற ஊர்களுக்கெல்லாம் போய்ப் பலூன் சுடும் கடை போடுகிறவர். சாக்கை அவிழ்த்தால் அவருடைய துப்பாக்கி. நடுவில் மடக்கி, ஒவ்வொரு ஈய ரவையாகத் திணித்து, நிமிர்த்திச் சுடுகிற பழைய காற்றுத் துப்பாக்கி.

"ஒத்தக் கையால ஓட்டுத மாதிரி இத மாத்தணும் தம்பி. குண்டு அதுவா ஏறணும், சுடச்சுட அடுத்தது வந்து நிக்கணும்."

பட்டறை மேஸ்திரி லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, தீவிரவாதியளோட சேந்துட்டீரா? யாரச் சுடப் போறீரு, மச்சானையா?"

"மச்சானுக்குக் காட்டத்தான்வே வேணும்," என்றார் அண்ணாச்சி. அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வலது கையைப் பார்த்தேன். இருந்தது, ஆனால் சட்டைக்குள்ளிருந்து சும்மா தொங்கியது. கொடைக்குச் சாமான் ஏற்றிப்போன டெம்போவில் கையை ஜன்னலுக்கு வெளியே போட்டபடி உட்கார்ந்திருக்கிறார். கயத்தாறு தாண்டி எதிரே வந்த லாரி உரசிவிட்டது. அதன் பிறகு லட்சுமியக்கா, அவர் மனைவி, கூட நின்று துப்பாக்கியை மடக்கி ரவை போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆறு மாதம் அப்படி ஓடியது. பிறகு அக்காவின் அண்ணன், அந்த மச்சான், வந்து தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கூட்டத்தில் குடிகாரப் பயல்களுக்கு நடுவில் பொம்பளை நின்று துப்பாக்கி மடக்க வேண்டாம், நீ ஒற்றையாளாகக் கடையை நடத்திக் காட்டு, ஒரே ஒரு கொடை, நான் வந்து பார்க்கிறேன், பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்பது அவர் பேச்சு. இல்லையென்றால் அக்காவைப் புதியம்புத்தூரில் ரெடிமேட் தையலுக்குச் சேர்த்துவிடுவாராம்.

"சித்திரைல எங்க பக்கத்துல அம்மன் கொடை. அதுக்குள்ள முடியுமா தம்பி?"

எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் முடியாது என்ற சொல் வாயில் வருமா? பழைய துப்பாக்கியை அன்றைக்கே அறுத்தேன். அதன் குழலை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் புதிதாகக் கடைந்தேன். பஞ்சர் கடைக்காரரிடம் காற்றுத் தொட்டி ஒன்று வாங்கி, அதிலிருந்து ரப்பர் குழாய். விசையை இழுத்தால் காற்று ரவையைத் தள்ளும், பின்னால் போன தண்டு திரும்பி வரும்போது அடுத்த ரவையைக் குழலுக்குள் கொண்டுபோகும். காகிதத்தில் அழகாக இருந்தது.

நிஜத்தில் முதல் வாரம் முழுக்க அது ஒரு ரவையைத் துப்பிவிட்டு அடுத்ததைக் கடித்துக்கொண்டு நின்றது. சில நேரம் இரண்டு ரவை ஒன்றாகப் போய் நடுவழியில் அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் போனாலும் குறி தப்பியது. பத்தடியில் சுவரில் வட்டம் போட்டுச் சுட்டால் வட்டத்தைத் தவிர எல்லா இடத்திலும் ஓட்டை விழுந்தது. மேஸ்திரி தேநீர் குடிக்கிற நேரத்தில் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். "ஏலே, இங்கன நிக்கதுதான் பத்திரமா இருக்கு. வட்டத்துக்கு முன்னால போயி நின்னாக்கூட ஒண்ணும் ஆகாது போலிருக்கே!"

அண்ணாச்சி தினமும் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பலூன் ஊதிப் பழகுவார். இடக்கையால் வாயை முறுக்கி, பல்லால் இழுத்து முடிச்சு. உதடு வெடித்திருந்தது. ஒரு நாள் நான் சலித்துப்போய்ச் சொன்னேன், "பலூன் கடையில எல்லா துப்பாக்கியும் கோணலாத்தான அண்ணாச்சி சுடும்? இதுவும் அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

முகம் மாறிவிட்டது. "மத்தவன் குழல வளச்சி வச்சிருப்பான். நான் பதினெட்டு வருசமா நேராத்தான் வச்சிருக்கேன். சனம் ஜெயிச்சாத்தாம்ல திரும்பி வரும். கோணலா சுடுத கடைய எம்மச்சான் வந்து பாக்கவா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் சுவரிலிருந்து ரவைகளைத் தோண்டி எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். காற்றுத் துப்பாக்கி ரவை பார்க்கப் பாவாடை கட்டிய சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். இடுப்பு ஒடுங்கி, கீழே விரிந்து. விரிந்த ஓரம் வட்டமாக இருந்தால்தான் நேராகப் போகும். இருக்கிற அத்தனை ரவையிலும் அந்த ஓரம் நசுங்கியிருந்தது, சுடாமல் மீதியிருந்ததிலும். ஆக, ஏறாததும் குறி தப்பியதும் இரண்டு நோய் அல்ல. ரவைகளை வரிசையாக முன்னால் தள்ள நான் போட்டிருந்த சுருள்வில் முறுக்கம் அதிகம். அதுதான் ஒன்றை ஒன்றின் மேல் ஏற்றி நசுக்குகிறது. வில்லைத் தளர்த்தினால் கடைசி ஐந்து ரவை வரமாட்டேன் என்கிறது.

தள்ளாமல் எப்படி வரவைப்பது? தீப்பெட்டி ஆபீஸ்தான் கைகொடுத்தது. குச்சியடுக்கும் பெண்கள் குச்சியைத் தள்ளுவதில்லை. கட்டையின் மேல் அள்ளிப் போட்டு ஒரு குலுக்கு, குச்சிகள் தாமாகப் பள்ளத்தில் விழும். வில்லைத் தூக்கி எறிந்தேன். துப்பாக்கியின் தலைக்கு மேல் ஒரு பித்தளைக் குழாயை நட்டமாக நிறுத்தி, வாயில் புனல் வைத்தேன். ஒற்றைக் கையால் ஒரு பிடி ரவையை அள்ளிப் போட்டால் போதும். தன் கனத்தில் தானே ஒவ்வொன்றாக இறங்கியது. குழாய் துப்பாக்கியோடு சேரும் கழுத்தில் மட்டும் எப்போதாவது ஒன்று சாய்ந்து நின்றது.

என் கை சட்டைப்பைக்குப் போனது. குழாய்க்குள் ஒரு தேய்ப்பு, கழுத்தில் ஒரு தேய்ப்பு. யோசிக்கவே இல்லை. கண் சிமிட்டுவதை யாராவது யோசித்துச் செய்கிறார்களா?

மறுநாள் சுவரில் இருபது பலூன். அண்ணாச்சியே இடத்தோளில் வைத்துச் சுட்டார். இருபதும் வெடித்தன. மேஸ்திரி முதல் தடவையாக என்னைக் கெட்ட வார்த்தை சேர்க்காமல் பாராட்டினார். அண்ணாச்சி என் தலையில் கைவைத்தார்.

எல்லாம் தகரக் கூரை நிழலில் நடந்தது, காற்றில்லாத மூலையில். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கொடைக்கு நானும் போனேன், என் துப்பாக்கியைப் பார்க்க. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், என் துப்பாக்கி. கோவிலுக்கு எதிரே உழுது போட்ட கரிசல் நிலத்தில் கடைகள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காலையில் பயல்கள் வரிசையில் நின்று சுட்டார்கள், பலூன்கள் நேர்மையாக வெடித்தன. சித்திரை வெயில் உச்சிக்கு வந்தது. கரிசல் வெயிலைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்ல? மண் கறுப்பாக இருப்பதால் சூட்டைக் குடித்துவிட்டு நம் மேல் ஊதும். மூன்று மணிக்கு மேற்கேயிருந்து காற்று வந்து புழுதியைக் கிளப்பியது. பல்லில், இமையில், சர்பத் டம்ளரில் எல்லாம் கறுப்பு.

நான்கு மணிக்கு மச்சான் வந்தார். பின்னால் லட்சுமியக்காவும் ஐந்து வயதுப் பிள்ளையும். மச்சான் முரட்டு ஆள் இல்லை, அமைதியான மனிதர். "நானே சுடுதேன் மாப்ள," என்று வாங்கிக்கொண்டார்.

முதல் இழுப்பில் காற்று மட்டும் வந்தது. இரண்டாவதில் ஏதோ போனது, பலூன் பலகைக்கு மேலே, பந்தல் கம்பில் பட்டது. மூன்றாவது தரையில்.

"யண்ணே, பலூன் இங்கன இருக்கு! நீங்க கயத்தாத்தப் பாத்துச் சுடுதீங்க!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அவிய மேல தப்பில்லடே. கடைக்காரர் குழல வளச்சி வச்சிருக்காரு," என்றான் இன்னொருவன்.

அண்ணாச்சி அந்தக் குரல் வந்த திசையில் திரும்பினார். நான் கயிற்றைத் தாண்டி ஓடிப்போய்ப் பித்தளைக் குழாயைத் தொட்டேன். கை பொசுங்கியது. கழுத்தில் கறுப்பாக, கருப்பட்டிப் பாகு மாதிரி வழிந்து நின்றது. குனிந்தேன். வாசனை சொல்லிவிட்டது. என் மெழுகு. வெயிலில் உருகி, கரிசல் புழுதியைச் சேர்த்துக் குழைத்துக்கொண்டு, ரவைகளைப் பிடித்துக் கட்டி, மீதி குழலுக்குள் இறங்கிவிட்டது. கம்பியை விட்டுக் குத்தினேன். குத்தக் குத்த ரவை நசுங்கி இன்னும் இறுகியது.

லட்சுமியக்கா பிள்ளையை அண்ணனிடம் விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். என்னை விலக்கித் துப்பாக்கியை வாங்கினாள். ஒரு ரவையை முந்தானையில் துடைத்துப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, ஆறு மாதப் பழக்கத்தில், துப்பாக்கியை மடக்குவதற்காக நடுவில் கையை வைத்து அழுத்தினாள். அது மடங்கவில்லை. மடங்குகிற இடமே இப்போது அதில் இல்லை. நான் அறுத்துவிட்டிருந்தேன். அவள் விரல்கள் அந்த மூட்டைத் தேடிக் குழலின் மேல் இரண்டு தரம் போய் வந்தன. பிறகு ரவையை உள்ளங்கையில் துப்பி, மேசையில் வைத்தாள்.

"மாப்ள, நான் உம்ம அசிங்கப்படுத்த வரல," என்றார் மச்சான், அடுத்தவருக்குக் கேட்காத குரலில். "நல்லா ஓடுச்சுன்னா விட்டுட்டுப் போகலாம்னுதான் இவ உடுப்பெல்லாம் கட்டி எடுத்துட்டு வந்தேன். இப்ப என்ன செய்யச் சொல்லுதீரு? திங்கக்கிழமை தையல்ல சேக்கேன்."

அண்ணாச்சி சரியென்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினதும் சொன்னேன். "அண்ணாச்சி, நான்தான். மெழுகு தடவினேன். அதுதான் உருகி..."

"தெரியும்."

"எப்படி?"

"மத்தியானமே கழுத்துல வழிஞ்சத பாத்தேன்."

"தொடச்சிருக்கலாமே அண்ணாச்சி!"

"நீ தடவுனதுலா. எதுக்காவது வேணும்னுதான் தடவியிருப்பேன்னு விட்டுட்டேன்." பலகையிலிருந்து பலூன்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். "போயி பிள்ளைய பஸ் ஏத்திவிட்டுட்டு வா. நான் வந்தா அது அழும்."

பழுது பார்க்க ஒரு மணி நேரம் போதும் எனக்கு. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் தீர்ந்தது. கழுவியும் வைத்தேன், மறுநாளே. அண்ணாச்சி அதை எடுத்துப்போக வரவில்லை. மழைக்காலம் வருவதற்குள் ஊரை விட்டுப் போய்விட்டார். ரயிலில் கடலைமிட்டாய் விற்கிறார் என்றார்கள், திருப்பூர் என்றார்கள், பிறகு அதுவும் சொல்ல ஆளில்லை. அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தீப்பெட்டி ஆபீஸ் மெழுகுச் சட்டிகளுக்குப் பக்கத்தில் ஆள் நிற்பதில்லை, மிஷினே முக்கி எடுக்கிறது. நாலுவழிச் சாலை வந்து, அன்று நாங்கள் பஸ்ஸுக்கு நின்ற புளியமரங்களை வேரோடு கொண்டுபோய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்க வேண்டும். தெருவில் எதிரே வந்தால் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்தப் புளியமரத்தடியில் பஸ் வந்து நின்றது. மச்சான் பையோடு முன்னால் ஏறினார். லட்சுமியக்கா ஏறினதும் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன். பஸ் உறுமி நகர்ந்தபோதுதான் ஜன்னல் கம்பி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"தம்பி, அவியளுக்கு ஒத்தக் கையால சட்டைப் பட்டன் போட வராது. தலை வழியா மாட்டுத சட்டையாப் பாத்து எடுக்கச் சொல்லுங்க."